இடுப்புக்குப் போகும் கை

அன்றைக்குச் செபமாலைக்கு வந்தவர்களைச் சொல்கிறேன்.

என் தம்பி றெஜி. அவனுக்காகத்தான் செபமாலை. மறுநாள் திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவனுடைய அகதி வழக்கு விசாரணை.

மரியான் அண்ணை. தம்பியின் வழக்குக் கடதாசிகளை வாசித்து விளங்கப்படுத்தினவர். முழங்கால் வருத்தம். கதிரையில்தான் இருப்பார்.

மரியான் அண்ணையின் மனுசி. பாட்டுக்குக் குரல் எடுக்கிறவ.

செல்வி. ஆஸ்பத்திரியில் என்னோடு நிலம் துடைக்கிறவள்.

செல்வியின் புருஷன். வேலை முடிந்து நேரே வந்தவர். செபமாலையின் பாதியில், மூன்றாம் காரணிக்கத்தில் நித்திரையாகிவிட்டார்.

செல்வியின் மகள். ஒன்றரை வயது.

கடைசியாகச் சொல்லப்போகிறவரின் மனுசி. சட்டி நிறையக் கத்தரிக்காய்க் கறியோடு வந்தாள்.

கடைசியாக அவர். வெறுங்கையோடு வந்தார் என்று சொல்ல முடியாது. கறிச்சட்டி இல்லை, அவ்வளவுதான்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சந்தோசப்படுவார்.

செத்துப்போன என் புருஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக் பக்கம் ஒரு டெப்பனர் வைத்திருக்கிறார். பால், பியர், சிகரெட், லொத்தர் விற்கிற மூலைக்கடை. வைத்திருக்கிறார் என்றால் பெயர் அவருடையது. கல்லாவில் நிற்கிறது மனுசி.

அவருடைய வலது கை சும்மா கிடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இடுப்புக்குப் போகும். சட்டைக்கு மேலால் தொடும். திரும்பி வரும். சாப்பிடும்போதும் போகும். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் இடது கையைத்தான் நீட்டுவார். வலது கைக்கு வேலை இருக்கிறதாம். முதலில் நான் இடுப்பு வருத்தம் என்று நினைத்தேன். எண்ணெய் போடச் சொல்லியும் இருக்கிறேன்.

பிறகுதான் ஒருநாள் என் குசினி மேசையில் அதை எடுத்து வைத்தார். அப்போது என் புருஷன் உயிரோடு இருந்தார். நான் அறக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன றிவோல்வர். உள்ளங்கைக்குள் அடங்கும். மூக்கு இல்லாத நாய் மாதிரி.

"பழைய மொடல் அக்கா," என்றார். "அந்தக் காலத்துப் பொலிஸ்காரர் பொக்கற்றில கொண்டு திரிஞ்சது. அதை இப்பத்தையான் ஆக்களுக்கெண்டு புதுசாச் செய்திருக்கிறாங்கள். சுத்தியலை உள்ளுக்கு மறைச்சிட்டாங்கள், சட்டையில கொழுவாது. பிடி றப்பர். அஞ்சு அறை. பாரமே இல்லை, பிடிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் கொண்டு திரியலாம். ஆருக்கும் தெரியாது."

"ஆருக்கும் தெரியாதெண்டா எங்களுக்கு ஏன் காட்டுறீர்?"

"ஒரு பாதுகாப்பு அக்கா."

"இது இஞ்ச வைச்சிருக்கலாமோடா?" என் புருஷன் கேட்டார்.

"வைச்சிருக்கேலாது. பிடிச்சா மறியல்சாலைதான்." பெரிய படிப்புப் பாஸ் பண்ணின மாதிரிச் சொன்னார்.

"மீன் வெட்டுமோ?" என்றேன்.

"என்னக்கா?"

"கத்தி மொட்டையாப் போச்சு. அது வெட்டுமெண்டா தாரும். இல்லாட்டி மேசையில இருந்து எடும். மீன் வைக்கவேணும்."

எடுத்தார். முகம் விழுந்துபோனது. இனிமேல் இதை இந்த வீட்டுக்குக் கொண்டுவராதே என்று என் புருஷன் சொன்னார். ஓம் ஓம் என்றார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் ஜக்கெட்டைக் கழட்டாமல் இருந்தார். அவ்வளவுதான் மாற்றம்.

துவக்கு எனக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் மன்னாரில் எங்கள் வளவுக்குள்ளால் இரண்டு பக்கத்துக்காரரும் துவக்கோடு நடந்து போயிருக்கிறார்கள். ஒருவரும் அதைத் தடவிக்கொண்டு போகவில்லை. இவர் தடவுவார்.

என் புருஷன் செத்த முப்பத்தோராம் நாள். வீட்டில் சனம். மரியான் அண்ணை ஒரு மாதிரி முழங்காலை மடக்கி ஒரு கதிரையில் இருந்து, அப்போதுதான் கோப்பையைக் கையில் எடுத்தார். இவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, இதில நான் இருக்கிறன். நீங்கள் அங்கால மாறுங்கோ. நான் வாசலைப் பாத்துத்தான் இருக்கிறது."

"ஏன், ஆரும் வரப்போகினமோ?"

"வரலாம்."

"வந்தா சோறு போடுவம்," என்றார் மரியான் அண்ணை. சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி மாறினார்.

இவர் அந்தக் கதிரையில் இருந்து வாசலைக் காவல் காத்தார். அன்று வாசலால் வந்தது பாதர். பிறகு பக்கத்து வீட்டுப் பிலிப்பீன்ஸ் மனுசி, ஒரு தட்டுக் கேக்கோடு. இரண்டு முறையும் கை இடுப்புக்குப் போனது.

கடையில் களவு வந்த கதையை எங்கள் பங்குச் சனம் எல்லாம் கேட்டிருக்கும். ஒருத்தன் முகத்தை மூடிக்கொண்டு வந்தானாம். இவர் சும்மா சட்டையை மட்டும் தூக்கிக் காட்டினாராம். அவன் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடினானாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் உயர்ந்துகொண்டு வந்தான். கடைசியாக நான் கேட்டபோது ஆறரை அடி.

நடந்ததை அவருடைய மனுசி எனக்குச் சொன்னாள். வந்தவன் மெலிந்த ஆள். கையில் திருகாணி முடுக்கி. இவர் பியர் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்துவிட்டார். அவள்தான் கல்லாவில் நின்றாள்.

"என்ன செய்தனீ?"

"ஒரு பெட்டி சிகரெட் எடுத்துக் குடுத்தன் அக்கா. மெர்சி எண்டு நன்றி சொல்லிப்போட்டுப் போனான்."

"இவர்?"

"அவன் போயிட்டானோ எண்டு பெட்டிக்குப் பின்னால இருந்து கேட்டார்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"வீட்டில நான் எதிர்த்துக் கதைச்சா கை அங்க போகும் அக்கா. எடுக்கமாட்டார். போகும்."

அதற்கு நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

செபமாலைக்கு வருகிறேன். மாசி மாதம். எங்கள் கட்டடம் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில். வெளியே மூக்கு விறைக்கும். உள்ளே ஹீற்றரைக் குறைக்க வழியில்லை, வீட்டுக்காரன் கையில் இருக்கிறது. வந்தவர்கள் சப்பாத்தை வாசலில் கழட்டுவார்கள். ஜக்கெட்டுகள் என் கட்டிலில் குவியும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். குழந்தைகளுக்கு நித்திரை வந்தால் அந்தக் குவியலுக்கு மேல் கிடத்திவிடுவோம். மெத்தையைவிட நல்லாய்த் தூங்குவார்கள். செல்வியின் மகளையும் அப்படித்தான் கிடத்தினோம்.

எல்லார் ஜக்கெட்டும் கறுப்பு. மலிவு போட்டபோது ஒரே கடையில் எடுத்தது. தம்பிக்கு நான் எடுத்ததும், இவருக்கு மனுசி எடுத்ததும் ஒரே றாக்கையில் தொங்கினவை.

இவர் ஜக்கெட்டோடு முழங்காலில் நின்றார். வேர்த்து வழிந்தது. எனக்கு அன்று பொறுமை இல்லை. தம்பியின் சீவியம் அடுத்தநாள் தெரியப்போகிறது.

"ஜக்கெட்டைக் கழட்டும்," என்றேன். "மாதா படத்துக்கு முன்னால பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்காதையும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழட்டினார். நான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். ஒன்றும் புடைத்திருக்கவில்லை. கொண்டுவரவில்லை என்று நினைத்தேன். அது என் பிழை. வயிறு வளர்ந்துவிட்டதால் இடுப்பில் வைத்தால் குத்துகிறதாம். ஜக்கெட்டின் உள்பொக்கற்றுக்கு மாற்றியிருக்கிறார். நானே அந்த ஜக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டேன். பிள்ளையின் கால்மாட்டில்.

சாப்பிட்டு முடிந்தவுடன் முதல் ஆளாய் இவர் வெளிக்கிட்டார். கட்டிலில் கிடந்த கறுப்பு ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு போனார். பாரமே இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். இல்லாததும் அவருக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை ஆறு மணி. தம்பி சேட்டை மின்னழுத்தியால் அழுத்திக்கொண்டிருந்தான். அவனுடைய பிறவுண் பேப்பர் பொக்கற்றில் இருக்கிறதோ என்று பார்க்க நான் ஜக்கெட்டை எடுத்தேன். அகதி கேட்டவர்களுக்குப் படம் ஒட்டிக் கொடுக்கிற கடதாசி அது. அது இல்லாமல் விசாரணைக்குள் விடமாட்டார்கள். வாசலில் விமானநிலையம் மாதிரிச் சோதனை. பையையும் ஜக்கெட்டையும் கழட்டி மெசினுக்குள் போடவேண்டும், கதவுக்குள்ளால் நடக்கவேண்டும்.

வெளியால் தடவினேன். தடவினபோதே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கையுறைப் பெட்டி ஒன்று எப்போதும் குசினியில் இருக்கும். இரண்டு நீலக் கையுறை போட்டேன். எடுத்தேன். புட்டுப் பானைக்குள் வைத்து மூடினேன். பானையை மேல்தட்டில் ஏற்றினேன். மற்றப் பொக்கற்றுகளைப் பார்த்தேன். கடைச் சிட்டை ஒன்று, கசங்கின லொத்தர் சீட்டு ஒன்று. தம்பியின் பேப்பர் இல்லை.

"என்ன அக்கா?"

"ஜக்கெட் மாறிப்போச்சு. இது கடைக்காரரின்ர."

"என்ர பேப்பர்?"

"வரும். நீ சேட்டைப் போடு."

மற்றதை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே போய் வாய் தடக்கும். பத்து மாதமாய்ப் பாடமாக்கின திகதிகள் எல்லாம் மாறிப்போகும். அவன் இதைப் போட்டுக்கொண்டு அந்த வாசலுக்குப் போயிருந்தால் வழக்கும் இல்லை, தம்பியும் இல்லை. முதலில் மறியல், பிறகு விமானம். பேப்பர் இல்லாமல் வீட்டிலே இருந்தாலும், வரவில்லை என்று எழுதி மூடுவார்கள்.

அவருக்கு ஃபோன் எடுத்தேன். அடித்தது. வெட்டினார். திரும்ப எடுத்தேன். நிற்பாட்டி வைத்திருந்தார்.

மனுசிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, வாறன். பஸ்ஸுக்குள்ள நிக்கிறன். அவனை வெளிக்கிட விடாதேங்கோ."

ஏழேகாலுக்கு வந்தாள். கையுறை இல்லை, தொப்பி இல்லை. தம்பியின் ஜக்கெட்டைப் பிள்ளையைத் தூக்கின மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். பேப்பர் உள்ளே இருந்தது. தம்பி அதைப் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தான். சந்தி திரும்பும்வரை ஜன்னலால் பார்த்தேன்.

தேத்தண்ணி போட்டேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள். குடிக்கவில்லை.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்கட வீட்டில இருந்து வெளிக்கிட்டு டெக்காரி ஹைவேக்கு ஏற முதலே அக்கா. சிவப்பு விளக்கில நிக்கேக்க கை பொக்கற்றுக்குப் போச்சு. முகம் வெளுத்திட்டுது."

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போகிற கை. தெரியாமல் இருக்குமா?

"திரும்புவம் எண்டு சொன்னன். அங்க எல்லாரும் நிக்கினம், மானம் போயிடும் எண்டார். வீட்டை போய் றெஜியின்ர பேப்பரை எடுத்து மேசையில வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தார். படத்தையே பாத்தார்."

"என்ன சொன்னவர்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லு."

"வாசலிலயே பிடிப்பாங்கள் எண்டார். பிடிச்சாலும் பெடியன்ர பொக்கற்றில தானே, என்ர பேர் வராது எண்டார். சொல்லிப்போட்டு நித்திரைக்குப் போயிட்டார் அக்கா. குறட்டையும் விட்டவர்."

நான் எழும்பிப் பாத்திரம் கழுவினேன். எல்லாம் முதலே கழுவினவைதான். திரும்பக் கழுவினேன்.

அவள் போகவில்லை. நானும் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் சோறு வைத்தோம். பருப்பு வைத்தோம். மேல்தட்டை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்குத் தம்பி ஃபோன் எடுத்தான்.

"அக்கா."

"சொல்லு."

"ஓம் எண்டிட்டினம். அங்கேயே சொல்லிட்டினம்."

"சாப்பிட்டியோ?"

"இல்லை."

"வா."

ஃபோனை வைத்தேன். தம்பிக்குக் கோப்பை எடுத்து வைத்தேன். அவள் அழுதாள். என் தம்பிக்காக அழுதாளோ வேறொன்றுக்கோ, கேட்கவில்லை.

"இப்ப உன்னட்டைக் கேக்கிறன்," என்றேன். "அந்தாள் இதை எடுக்க வரும். என்ன செய்வம்?"

"அது திரும்பி என்ர வீட்டுக்கு வரக்கூடாது அக்கா."

"பொலிசுக்குக் குடுத்தா அதோட ஆளும் போகும்."

அவள் முகத்தைத் துடைத்தாள்.

"கடையை நான்தான் பாக்கிறன். அண்டைக்குச் சிகரெட் எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

ஃபோன் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் பழகின பிரெஞ்சில் பொலிசுக்குச் சொன்னேன். வீட்டில் ஒரு துவக்கு. என்னுடையதில்லை. உடையவர் எடுக்க வருவார். விலாசம் இது. தொடவேண்டாம் என்றார்கள். புட்டுப் பானைக்குள் கிடக்கிறது என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் புட்டு விளங்கவில்லை. பெரிய பானை என்றேன்.

பொலிசுக்கு முதல் அவர் வந்துவிட்டார். கையில் ஒரு டோனட் பெட்டி. மனுசியைக் கண்டதும் நின்றார்.

"நீ இஞ்சயோ நிக்கிறாய்? கடை பூட்டிக்கிடக்கு."

அவள் பருப்புச் சட்டியை மூடினாள்.

"அக்கா, ஒரு சின்ன மாறாட்டம்," என்றார். "ஜக்கெட்."

"ஃபோன் எடுத்தனான். வெட்டினீர்."

"இதெல்லாம் ஃபோனில கதைக்கேலாது அக்கா. கேட்டுக்கொண்டிருப்பாங்கள்."

"ஆர்?"

"அவங்கள்."

"இரும்," என்றேன்.

போய் வாசலைப் பார்க்கிற கதிரையில் இருந்தார். அன்றைக்கு அதுதான் சரியான கதிரை.

"றெஜிக்கு எப்பிடிப் போச்சுது?" என்று கேட்டார். வெட்கமில்லாமல் கேட்டார்.

"நல்லாப் போச்சு."

"நான் அப்பவே சொன்னனான், மாதா கைவிடமாட்டா எண்டு." கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்தது. "அது எங்க அக்கா?"

"இருக்கு. செல்வியின்ர பிள்ளை அதுக்குப் பக்கத்திலதான் படுத்தவள். முக்கால் மணித்தியாலம். நித்திரையில உதைக்கிற பிள்ளை."

"ஐயோ அக்கா, அதுக்குள்ள ஒண்டும் இல்லை. வெறும் இரும்பு. நான் ரவை போட்டுக்கொண்டு திரியிற ஆளோ? மாதாவாணை ஒண்டும் இல்லை."

"மாதாவாணையோ?"

"மாதாவாணை."

மனுசி தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவு தட்டினார்கள். நான் திறந்தேன். ஒரு ஆணும் ஒரு பெண்ணும். எத்தனையோ வருசமாய் எந்தெந்த வீட்டிலோ வாசலைப் பார்த்து இருந்த மனுசன். கடைசியில் வாசலால் ஆட்கள் வந்தார்கள். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போனது.

பொலிஸ்காரன் கத்தினான். கையை மேசையில் வை, இரண்டையும் வை என்று. என் வீட்டில் அவருடைய இரண்டு கையும் ஒன்றாய் மேசையில் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். டோனட் பெட்டி கீழே விழுந்து கிடந்தது.

"என்ர இல்லை," என்று இங்கிலிசில் சொன்னார். இன்னும் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. "அவவின்ர தம்பியின்ர. அகதி. அவன்ர ஜக்கெட்."

"ஆருடையது?" என்று பொலிஸ்காரி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாய் திறக்க முதல் அவருடைய மனுசி சொன்னாள். பிரெஞ்சில், கடையில் சாமானுக்கு விலை சொல்கிற குரலில்.

"இவருடையது. என் புருஷன். கடையில் இன்னும் ஒரு பெட்டி ரவை இருக்கு. பியர் பெட்டிகளுக்குப் பின்னால்."

அவர் அவளைப் பார்த்தார். கை அசைந்தது. மேசையை விட்டு எழும்ப விடவில்லை, பொலிஸ்காரன் பிடித்திருந்தான்.

"வெறும் இரும்பு," என்றார் திரும்பவும். "உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

பொலிஸ்காரி மேல்தட்டில் இருந்து புட்டுப் பானையை இறக்கினாள். கையுறை போட்டாள். அதை எடுத்தாள். உருளையை வெளியே சாய்த்தாள். என் பூப்போட்ட மேசை விரிப்பில், அவருடைய இரண்டு கைக்கும் முன்னால், ரவைகளை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி வைத்தாள். அவள் பிரெஞ்சில் எண்ணினாள். நானும் எண்ணினேன்.

ஐந்து.